தொண்ணூற்றாறுக்கும் நூற்றுப்பதின்மூன்றுக்கும் நடுவில்

மார்ச் 4

தம்பிக்கு,

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது தடவை உன் வீட்டுக்காரி எடுத்தாள். நீ எதிரே உட்கார்ந்துகொண்டு, இல்லையென்று சொல்லச் சொல்லிக் கையாட்டியிருக்கிறாய். அவளுக்குப் பொய் வராது. "இருக்காருக்கா, ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றாரு" என்றாள். அதனால்தான் கடிதம். போனைத் துண்டிக்கலாம். எழுதின காகிதத்தைக் கிழிக்க உனக்குக் கை வராது.

பதிப்பாளர் உனக்கு அனுப்பிய கடிதத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டிவிட்டாள். அவளைத் திட்டாதே. ஐந்நூறு அடித்ததில் ஒரு வருஷத்தில் அறுபது போயிருக்கிறது. மிச்சம் நானூற்று நாற்பதும் கிடங்கில் கிடக்கின்றன. மே மாதக் கடைசிக்குள் "நூலாசிரியர் தம் சொந்த முயற்சியால்" அவற்றை நகர்த்தாவிட்டால், கூழாக்கும் ஆலைக்கு எடைக்குப் போட்டுவிடுவாராம். எழுதி வைத்திருக்கும் இரண்டாவது நாவலையும் அவர் கையால் தொடமாட்டாராம்.

அவர் செய்வது அநியாயம்தான். அதை அப்புறம் பேசலாம். முதலில் நீ சொல். ஒரு வருஷத்தில் எத்தனை பேரிடம் "நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன், வாங்குங்கள்" என்று வாயைத் திறந்து சொன்னாய்? வணிக வளாகத்து மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நாள் முழுக்க ஊரார் உடுப்பைப் பிரித்துத் தைக்கிறாய். பேன்ட் சுருக்க, ஜிப் மாற்ற, இடுப்பு விட என்று தினமும் பதினைந்து பேராவது வருகிறார்கள். நீ தைத்து முடிக்கும்வரை போக இடமில்லாமல் எதிரே நிற்கிறார்கள். அப்படி நிற்கிற ஆளுக்காக நான் தெருத் தெருவாக அலைந்திருக்கிறேன். நீயோ புத்தகத்தைக் கத்தரித்த துணிக் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாயாம். திருட்டுச் சாமானா அது?

எனக்கு ஊரில் மூடி அக்கா என்று எப்படிப் பெயர் வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இழுத்து மூடிய ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் டப்பாவெல்லாம் போய், மூடி மட்டும் ஆறு மூட்டை கிடந்தது. நான் அதை வாங்கினபோது சிரிக்காதவர்கள் இல்லை. வீடு வீடாகப் போய், "மூடி தொலைஞ்சு போன டப்பா இருக்கா" என்று கேட்டேன். இல்லையென்று சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை. ஆறு மூட்டையும் ஐந்து வாரத்தில் தீர்ந்தது. டப்பா இல்லாத மூடியை நான் விற்றேன். முழுசாக ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நீ முழிக்கிறாய்.

நூறு பிரதி லாரியில் போட்டு என் கடைக்கு அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

நூறு பிரதிகளைக் கிடங்கிலிருந்து நேராக உன் கடைக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் வந்து சேரும்.

நீ கேட்டதற்குப் பதில், மூன்று பேர். ஒரு வருஷத்தில் மூன்று பேரிடம் சொன்னேன். முதல் ஆள் ஒரு வக்கீல் அம்மா. நான்கு நாள் ஒத்திகை பார்த்து, அவர் உடுப்பை மடித்துக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னேன். "அப்படியா, நல்லது. ஜிப் சிக்காதில்ல?" என்று கேட்டார். இரண்டாவது ஆள், இலவசமா என்றார். மூன்றாவது ஆளிடம் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திக்கொண்டேன். அவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ சிரிப்பாய். உனக்கு வாளி விற்றுப் பழக்கம். வாங்க மாட்டேன் என்று ஒருவன் சொன்னால், அவன் வாளியைத்தான் வேண்டாம் என்கிறான். என்னிடம் வேண்டாம் என்று சொல்கிறவன் எதை வேண்டாம் என்கிறான் என்று யோசித்துப் பார். துணி வெட்ட வைத்திருக்கும் தாள் மாதிரிகளின் பின்பக்கத்தில் ஒன்பது வருஷம் எழுதினேன். தையல் இயந்திரத்தை நிறுத்தினால் கை நடுங்கும். அந்த நடுக்கம் அடங்குவதற்கு முன்னால் இரண்டு வரி எழுதிவிடுவேன். அதைப் போய்க் கூவி விற்கச் சொல்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அச்சான பிறகு நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அட்டையைப் பார்ப்பேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதற்கு மேல் தைரியமில்லை. ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எனக்குச் சோறு இறங்காது. வெளியீட்டு விழாவில் பேராசிரியர் ஒருவர் முக்கால் மணி நேரம் பாராட்டிப் பேசினார் அல்லவா, எனக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. யார் கையிலும் திணிக்காதே. கண்ணில் படுகிற இடத்தில் வை. படிக்கிறவர்கள் தாமாக எடுப்பார்கள்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

பன்னிரண்டு நாளில் அறுபத்துநான்கு போய்விட்டன. திரும்பப் படி. அறுபத்துநான்கு. உன் பதிப்பாளர் ஒரு வருஷம் முழுக்க விற்றதைவிட நான்கு அதிகம்.

எப்படி என்று கேட்பாய். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. முதல் மூன்று நாள் நீ சொன்னபடியே கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தட்டில், விளக்குக்குக் கீழே. ஒருத்தர் எடுத்து அதால் விசிறிக்கொண்டார். இன்னொருத்தர் அதன்மேல் குழந்தையை உட்கார வைத்தார். படிக்கிறவர்கள் தாமாக எடுத்த அழகு இதுதான்.

நான்காம் நாள் என் வழிக்கு வந்தேன். பெரிய வாளி, சின்ன வாளி, குவளை. இந்த மூன்றும் சேர்ந்த செட்டுக்குள் ஒரு புத்தகத்தை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒட்டிவிட்டேன். "வீட்டுக்கொரு நாவல்" என்று ஒரு சீட்டும் ஒட்டினேன். உன் புத்தகம் அறுபத்துநான்கு வீட்டுக்குள் போய்விட்டது. ஒன்றிரண்டு பேர் தாளைப் பிரித்து, புத்தகத்துக்குப் பதில் இன்னொரு குவளை கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்காது என்று சொல்லிவிட்டேன்.

மிச்சம் முப்பத்தாறு. இந்த வாரம் தீர்ந்துவிடும். இன்னும் நூறு அனுப்பு. நன்றி சொல்ல வேண்டாம், அனுப்பினால் போதும்.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

முப்பத்தாறையும் திருப்பி அனுப்பு. இன்றே அனுப்பு.

என் ஒன்பது வருஷத்தைக் குவளைக்குப் பக்கத்தில் செருகிக் கொடுத்திருக்கிறாய். குளியலறைச் சாமானுக்கு இலவச இணைப்பாக. வாங்கினவர்கள் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, வாளியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதை விற்பனை என்று வேறு எழுதுகிறாய். இப்படி அறுபத்துநான்கு வீட்டுக்குப் போவதைவிட ஆலைக்குப் போய்க் கூழாவது எவ்வளவோ மேல். அங்கேயாவது அது காகிதம் என்று தெரிந்து வாங்குவார்கள்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நீ படித்தாயா? ஒரு பக்கமாவது? உன் தம்பி எதைப் பற்றி எழுதினான் என்று யாராவது கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியுமா? தெரியாது. உனக்குத் தெரிந்தது, அது செட்டுக்குள் சரியாக அடங்குகிறது என்பது மட்டும்தான்.

சின்ன வயதிலிருந்தே உனக்கு எல்லாமே சரக்கு. இனிமேல் எனக்கு எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். விஷயம் தெரிந்தால் நீயே என்னை எழுதச் சொல்வாய்.

நேற்றுக் காலை கடை திறந்து விளக்குப் போடுவதற்குள் ஒருத்தர் வந்து நின்றார். எங்கள் தெருமுனை வங்கியில் காவல் வேலை பார்க்கிறவர். ஐம்பத்தைந்து வயசிருக்கும், கஞ்சி போட்ட சட்டை, ஒரு கையில் உன் புத்தகம். இவரும் குவளை கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் புத்தகத்தைக் கல்லாமேல் விரித்து வைத்தார்.

"வாளியில ஒரு குறையும் இல்லம்மா. புத்தகத்துலதான் பதினாறு பக்கத்தக் காணோம்."

பார்த்தேன். தொண்ணூற்றாறுக்கு அடுத்த பக்கம் நூற்றுப்பதின்மூன்று. நடுவில் கிழித்த அடையாளம்கூட இல்லை. அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். தொண்ணூற்றாறின் கடைசி வரி, "அந்த அம்மா சாம்பல் நிறக் கோட்டை என்னிடம் நீட்டிவிட்டு". நூற்றுப்பதின்மூன்றின் முதல் வரி, "மீசையைத் தடவிக்கொண்டே படியிறங்கிப் போனார்."

"அந்த அம்மாவுக்கு எப்படிங்க மீசை வந்துச்சு? ரெண்டு நாளா எனக்கு வேலையே ஓடல" என்றார்.

மிச்சமிருந்த முப்பத்தாறையும் கட்டுப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. ஒரு வாளி வந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்காமல் நான் அலமாரியில் வைப்பதில்லை. இருபத்தாறு வருஷத்தில் என் கடையிலிருந்து ஓட்டைச் சாமான் ஒன்றுகூடப் போனதில்லை. உன் புத்தகம் போயிருக்கிறது. அறுபத்துநான்கு வீட்டுக்கு. படித்தாயா என்று கேட்டாயே, இல்லை. ஒரு பக்கம்கூட இல்லை. திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன்.

என்னை முடித்துவிட்டாய் என்றால் இப்போது உன் பக்கம் திரும்பு. உன் வயிற்றில் பிறந்த மாதிரி பேசுகிறாயே, நீ திறந்து பார்த்தாயா? ஒரு வருஷம். அட்டையைத் தடவினாயாம். பிழை கண்டால் சோறு இறங்காதாம். உன் சோற்றுக்காக ஒரு அத்தியாயம் முழுசாகக் காணாமல் போயிருக்கிறது. அந்தப் பதிப்பாளர் பார்த்தாரா? விழாவில் முக்கால் மணி நேரம் முழங்கினாரே பேராசிரியர், அவர் பார்த்தாரா? காசு கொடுத்து வாங்கின அறுபது பேர்? ஒரு வருஷமாக ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. எனக்கு எழுதும்போதே உடம்பு எரிகிறது.

உன் புத்தகத்தை வரி விடாமல் படித்த முதல் ஆள், நான் வாளிக்குள் வைத்துக் கொடுத்ததால்தான் படித்தார். இதை நீ எங்கே வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்.

அந்தப் பதினாறு பக்கத்தை அனுப்பு. என் கடையில் குறைச் சாமானை வீட்டுக்கே போய் மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். காவலாளி இன்றைக்கும் காலையில் வந்து, வந்துடுச்சா என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே என் பிரதியைத் திறந்தேன். தொண்ணூற்றாறு. நூற்றுப்பதின்மூன்று. நீ சொன்னது அத்தனையும் சரி. எனக்கு நானே சொல்லிக்கொண்டது உன் வார்த்தைகளைவிட மோசம், அதை இங்கே எழுத முடியாது.

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பதிப்பாளரிடம் போனேன். புத்தகம் கட்டுகிற இடத்தில் ஒரு பாரம் சேர்க்க மறந்துவிட்டார்களாம். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். ஐந்நூறில் இருநூற்றைம்பதில் அது இல்லை. எது முழுசு, எது குறை என்று அவருக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இத்தன நாளா யாரும் கேக்கலையே சார்" என்றார். தவறை ஒப்புக்கொண்ட மாதிரி அல்ல, என்னைத் தேற்றுகிற மாதிரி.

அங்கிருந்து பேராசிரியர் வீடு. அவர் என்னைக் கண்டதும் மகிழ்ந்து, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அலமாரியிலிருந்து நானே புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? அந்த அம்மாவுக்கு மீசை முளைக்கிற இடம்தான் நாவலின் உச்சம் என்றும், ஆண் பெண் என்கிற எல்லையை நான் கலைத்துவிட்டேன் என்றும், அதை விழாவிலேயே குறிப்பிட நினைத்து நேரமில்லாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அக்கா, அந்தத் தாள்களின் மேல்முனை ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் நகத்தால் பிரித்தேன்.

வெட்கமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், வரவில்லை. கோபம் வந்தது. எனக்கு இப்படிக் கோபம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. ஏனென்றால் அந்தப் பதினாறு பக்கத்துக்காகத்தான் மற்ற இருநூறு பக்கத்தையும் எழுதினேன். ஓர் அம்மாள் ஆறு தடவை ஒரே கோட்டைக் கொண்டுவந்து சுருக்கித் தரச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பு இன்னும் கொஞ்சம் கரைந்திருக்கும். தையல்காரனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஏழாவது தடவை அவள் வரமாட்டாள். அவ்வளவுதான். கட்டுகிறவன் தூக்கிப் போட்டது அதை.

விட்டுப்போன பாரங்கள் இருநூற்றைம்பதும் கிடங்கு மூலையில் கயிறு போட்டுக் கட்டியபடியே இருந்தன. பதிப்பாளரைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கிடங்கில் மிச்சமிருக்கும் முன்னூற்று நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நூற்று நான்கு குறை. தினமும் அங்கே போய் உட்கார்ந்து சரிசெய்ய ஆரம்பித்திருக்கிறேன்.

உனக்கும் காவலாளிக்கும் இத்துடன் இரண்டு பாரம் வைத்திருக்கிறேன். ஆனால் சும்மா செருகினால் உதிரும். மற்ற வீடுகளில் யாரும் கை வைக்க வேண்டாம், நானே வந்து தைப்பேன். கோட்டில் உள்துணி மாற்றுகிற வேலைதான் இது. பாரத்தின் மடிப்பில் மூன்று துளை போட்டு, மெல்லிய துணிப்பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையை முதுகுக்குள் ஒட்டினால் கட்டினவன் வேலையைவிட நன்றாக நிற்கும். முதலில், பதிப்பாளரின் ரசீதுப் புத்தகத்தில் முகவரி பார்த்து, இந்த ஊரில் வாங்கின அறுபது பேர் வீட்டுக்கும் போகப் போகிறேன்.

தம்பி


மே 3

அக்காவுக்கு,

முப்பத்தொரு வீடு ஆயிற்று.

கதவைத் தட்டி, "உங்ககிட்ட இருக்கற என் புத்தகத்துல குறை இருக்கு, தச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமே வரவில்லை. இதை நீ கவனிப்பாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சரிசெய்ய வந்திருக்கிறேன் என்று சொல்ல எழுகிறது. இருபது வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தொன்றில் இருபத்திரண்டு பேர் திறக்கவே இல்லை. மூன்று வீட்டில் புத்தகம் எங்கே என்றே தெரியவில்லை. ஒரு வீட்டில் ஆட்டம் போட்ட மேஜைக்காலுக்குக் கீழே இருந்தது. எடுத்து, தைத்து, அந்த ஆளின் கண்ணெதிரே மேஜையை ஆடவிட்டுவிட்டு வந்தேன். நம் சித்தப்பா மகன் வீட்டிலும் திறக்கவில்லை. "நீ எழுதுனதுதானே, நீயே சொல்லிட்டுப் போயேன்" என்கிறான்.

ஆனால் தைக்கும்போது எல்லோரும் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். ஊசி ஓடுவதைப் பார்த்தால் மனுஷருக்குக் கேட்கத் தோன்றிவிடும்போல. அப்படி என்ன இருக்கு இந்தப் பதினாறு பக்கத்துல, வேலைய விட்டுட்டு வந்து தைக்கற அளவுக்கு என்று கேட்டார்கள். முதல் இரண்டு வீட்டில் மழுப்பினேன். மூன்றாவது வீட்டில், கோபம் இன்னும் ஆறாத நேரம், சொல்லிவிட்டேன். கோட்டு, அந்த அம்மாள், ஆறு தடவை. என் வாயால் அதை யாரிடமும் அதற்குமுன் சொன்னதில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட. தைத்து முடித்து நிமிர்ந்தால் அந்த வீட்டுப் பெண் புத்தகத்தை என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டாள்.

நேற்று ஒரு வீட்டில் நான் கிளம்பும்போது, தன் தங்கைக்கும் ஒன்று வேண்டும் என்று ஓர் அம்மாள் கேட்டார். என் பையில் ஊசி, நூல், பசை, துணிப்பட்டை எல்லாம் இருந்தன. புத்தகம் இல்லை. வாங்க ஆள் இருந்து கொடுக்கச் சரக்கு இல்லாமல் நின்றேன். நீ பார்த்திருந்தால் என்னைத் தெருவிலேயே வைத்து அறைந்திருப்பாய்.

தம்பி


மே 10

தம்பிக்கு,

அறைந்திருப்பேன், சந்தேகமே வேண்டாம்.

இப்போது என் பங்குக்குக் கேள். நீ அனுப்பின பதினாறு பக்கத்தையும் கல்லாவில் நின்றபடியே படித்தேன். ஆள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். படித்து முடித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? உன் தையல்காரனை இழுத்துவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. ஆறு தடவை வருகிறாள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். "உடம்புக்கு என்னம்மா" என்று கேட்க இவனுக்கு என்ன கேடு? ஊசியைக் குத்திக்கொண்டு சும்மா நிற்கிறான். நீ அதை மரியாதை என்று எழுதியிருக்கிறாய். நான் அதைப் பயம் என்கிறேன். அவள் யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் திரும்பத் திரும்ப வந்தாள். கோட்டைச் சுருக்க அந்த ஊரில் வேறு ஆளா இல்லை?

அந்தத் தையல்காரன் யார் என்று எனக்குத் தெரியாதா? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, அதற்கு அழகான பெயர் வைத்துக்கொள்வது உன் பழைய பழக்கம். அந்த அம்மாளிடம் செய்ததைத்தான் உன் புத்தகத்துக்கும் ஒரு வருஷமாகச் செய்தாய்.

இதை நான் காவலாளியிடம் சொன்னேன். அவர் படித்துவிட்டு இரண்டு நாள் கடைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தப்பும்மா. அந்த அம்மா யாரும் கேக்காத ஒரு எடம் வேணும்னுதான் அங்க வந்தாங்க. வீட்ல கேக்கறாங்க, ஆபீஸ்ல கேக்கறாங்க, ஆஸ்பத்திரில கேக்கறாங்க. இந்த ஆளு ஒருத்தன்தான் அளவ மட்டும் எடுத்தான்."

நான் விடுவேனா? அளவெடுக்க டேப்பு போதும், மனுஷன் எதற்கு என்றேன். அவர் தன் மனைவியை மூன்று வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவராம். கேட்டுக் கேட்டே அவளைக் கொன்றவர்களைப் பற்றிச் சொன்னார். நான் நம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன், யாரும் கேட்காமலே போனவள். குரல் ஏறிவிட்டது. வாளி வாங்க வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டு, யார் அந்த அம்மா, எந்தத் தெரு, என்ன வியாதி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று தெரிய வேண்டுமென்றால் படித்துப் பாருங்கள் என்றேன். குறைப் பிரதி என்று ஒதுக்கி வைத்திருந்த முப்பத்தாறில் ஒன்பது போய்விட்டன, பதினாறு பக்கத்துக்கு அப்புறம் வந்து தைத்துத் தருவோம் என்ற பேச்சோடு. வாளி இல்லாமல். புத்தகம் மட்டும்.

வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று கடை வாசலில் எழுதிப் போட்டேன். அறுபத்துநான்கில் நாற்பத்தொன்று வந்துவிட்டது. ஒவ்வொருத்தரும் கொடுக்கும்போது ஒரு கட்சி சொல்லிவிட்டுப் போகிறார்கள். என் பதினாறு பக்கத்தை எல்லோரும் படிக்கக் கல்லாமேல்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் பாதிப் பேர் அதைப் படிக்காமலே கட்சி சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மே மாதம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. நீ இன்னும் கூச்சம், மரியாதை என்று ஏதாவது எழுதினால் நானே வண்டி ஏறி வந்துவிடுவேன்.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

நீ சொல்வது தவறு. உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன், நான்கு தடவையும் தவறாகவே இருக்கிறது.

நீ அந்தக் கண்ணாடி முன்னால் நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன். அந்த அம்மாள் மூன்றாவது தடவை வந்தபோது ஊசியை வாயில் வைத்துக்கொண்டு கேட்கப் போனேன். அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, "தோள் மட்டும் எறங்காம பாத்துக்கங்க" என்றார். அதை நான் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ இப்படிப் பேசமாட்டாய். காவலாளி சொன்னதும் முழுக்கச் சரியில்லை. அவர் மனைவிக்கு வேண்டியிருந்தது இந்த அம்மாளுக்கும் வேண்டியிருந்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கேட்டிருக்க வேண்டுமா, கூடாதா என்று எனக்கே தெரியாமல்தான் ஒன்பது வருஷம் எழுதினேன். தெரிந்திருந்தால் அந்தக் கோட்டோடு அந்தக் கணக்கையும் முடித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நீங்கள் இருவரும் ஒரு வாரத்தில் தீர்ப்புச் சொல்லி, ஊரையும் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறீர்கள். அதுவும் பாதிப் பேர் படிக்காமல். பேராசிரியர் ஒருத்தர் போதாதா எனக்கு?

கிடங்கிலிருந்த முன்னூற்று நாற்பதையும் எடுத்துவிட்டேன். பதிப்பாளர், முதலில் நூறு எடுத்துப் போய்ப் பாருங்களேன் சார் என்றார். எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லி வாசலில் நின்றேன். குறை இருந்த நூற்று நான்கும் தைத்தாயிற்று. இந்த ஊரில் இருபத்தைந்தை வைத்துக்கொண்டு, இனி எந்த வீட்டுக்குப் போனாலும் பையில் இரண்டு இருக்கும்படி செய்திருக்கிறேன். மிச்சம் லாரியில் நாளை கிளம்புகிறது. நான் வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் கடை வாசலில் ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் போடு. வாளிகளை உள்ளே எடுத்து வை. அந்த நாற்பத்தொரு பேரையும் வரச் சொல், ஒன்பது பேரையும் வரச் சொல், காவலாளியை முதல் ஆளாக வரச் சொல். அவர்கள் எதிரிலேயே தைக்கிறேன். தைத்துக்கொண்டே என்ன நடந்தது என்று சொல்கிறேன். தெருவில் சும்மா போகிறவர்களையும் நானே கூப்பிட்டு, இதை எழுதினது நான்தான், வாங்கிப் படித்துவிட்டு வந்து என்னிடம் சண்டை போடுங்கள் என்று சொல்லப் போகிறேன்.

நான் பேசி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

தம்பி